கடல் நடுவே உரல் சத்தம்

புத்த ஆண்டு 2499இல் கடலோர ஊரான ஆங் சிலாவில் ஒரு கூடைச் சிப்பி ஆறு பாத் பணத்துக்கு விற்றது. மழை எதிர்பார்த்த நாளில் வந்தது. கல் உரல் செதுக்கும் ஹெங்கின் மகள் பியாம் இடித்தால் சத்தம் வராது என்பது ஊர் முழுக்கத் தெரிந்துபோனது. பியாமுக்கு அப்போது இருபது வயது. அவள் கை மேலே போகும், கீழே வரும். குழவி உரலின் அடியில் போய் விழும். உப்போடு சேர்ந்து காய்ந்த மிளகாய் நொறுங்கும், எலுமிச்சைப்புல் நார்நாராகப் பிரியும், அரத்தையும் கொத்தமல்லி வேரும் ஒன்றோடொன்று கலந்து கடைசியில் விழுது வழவழவென்று திரண்டு நிற்கும். காதுக்கு மட்டும் ஒன்றும் வராது. கோழி கிளறுவது கேட்கும், பக்கத்து வீட்டுக் குழந்தை சிணுங்குவது கேட்கும், பியாமின் வளையல் குலுங்குவதுகூடக் கேட்கும். கல்லில் கல் மோதுவது கேட்காது. அதே உரலை அதே பாயில் வைத்து அவள் அம்மா நுவன் இடித்தால் டொக் டொக்கென்று சந்தை வரைக்கும் கேட்டது.

ஹெங் சும்மா இருக்கவில்லை. ஆழமாக ஒரு உரல், சுவர் மெலிந்த உரல் ஒன்று, சிவப்போடிய கல்லில் ஒன்று என்று மகளுக்காகச் செதுக்கிக்கொண்டே இருந்தார். கடல் உள்வாங்கும் நாளில் சிப்பி படர்ந்த பாறையையே உடைத்துக் கொண்டுவந்து ஒன்று செய்தார். ஒவ்வொன்றையும் பச்சரிசி போட்டு இடித்து, கல்துகள் போகக் கழுவி, பழக்கி எடுத்துக் கொடுத்தார். அவர் தட்டினால் கணீரென்றது. மகள் தொட்டால் வாயை மூடிக்கொண்டது. கடைசியில் ஒருநாள் உளியைக் கீழே வைத்துவிட்டு, "உன் கையில என்னம்மா, பஞ்சா வச்சிருக்க?" என்று கேட்டார். "பஞ்சு வச்சிருந்தா மிளகா உடையுமாப்பா?" என்றாள் பியாம். சிப்பிப் பாறை உரலைத்தான் பியாம் தனக்கென்று வைத்துக்கொண்டாள், அது கைக்கு வாகாக இருந்தது.

வேறு ஊராக இருந்திருந்தால் இதை யாரும் பெரிதாக எடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் ஆங் சிலாவில் உரல்தான் சோறு போடுகிறது. காலை முழுக்க ஆண்கள் உரலைச் செதுக்கும் சத்தம், பிற்பகலில் பெண்கள் உரலில் இடிக்கும் சத்தம், இரண்டுக்கும் நடுவில்தான் அந்த ஊர் மூச்சு விடும். பிள்ளைக்குப் பெண் தேடுகிறவர்கள் பெண்ணின் முகத்தைப் பார்க்குமுன் அவள் இடிப்பதைக் கேட்பார்கள். வெயில் சாயும் நேரத்தில் ஏதோ வேலையாகப் போகிறவர்கள் மாதிரி தெருவில் வருவார்கள். மரக்கால்கள் மேல் நிற்கும் வீட்டுக்கு அடியில், கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில், சற்று நிழலுக்கு ஒதுங்குகிற பாவனையில் நிற்பார்கள். தலைக்கு மேலே பலகைத் தரையில் உரல் பேசும். விட்டு விட்டு இடித்தால் சோம்பேறி. படபடவென்று இடித்தால் கோபக்காரி. ஒரே சீராக, பொருளுக்குப் பொருள் கனம் மாற்றி இடித்தால் மறுநாளே வெற்றிலைத் தட்டு வந்துவிடும். சத்தமே வரவில்லையென்றால் அர்த்தம் ஒன்றுதான். அந்த வீட்டில் சந்தை விழுது வாங்குகிறார்கள்.

சந்தை விழுது என்பது அந்த ஊரில் சாதாரண வார்த்தை அல்ல. வாழையிலையில் கட்டி விற்கும் அதை வாங்குகிறவர்கள் துணியில் மறைத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். இந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவள் பக்கத்து வீட்டுக் கேசோன். விகாரையில் எந்த விசேஷம் வந்தாலும் சமையலுக்குத் தலைமை அவள்தான். கெட்டவள் என்று சொல்ல முடியாது. பிரசவம் என்றால் முதல் ஆளாக வந்து நிற்பாள். ஆனால் காதால் கேட்காத ஒன்றை நம்ப மாட்டாள். பியாம் வைத்த சிவப்புக் குழம்பை ஒரு கிண்ணம் வாங்கிக் குடித்துவிட்டு, "குழம்பு அமிர்தமா இருக்கு நுவன். எந்தக் கடையில விழுது வாங்குற? எனக்கும் சொல்லேன்" என்றாள். பியாம் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். கையில் மிளகாய் எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

அந்த வருடம் மழைக்கு நடுவில் பாங் சேனிலிருந்து ஒரு அம்மாள் வந்தாள். மகன் அரிசி ஆலையில் வேலை பார்க்கிறவன். சில நாள் தொடர்ந்து வீட்டுக்கு அடியில் வந்து நின்றாள். பியாமுக்குத் தெரியும், பலகை இடுக்கில் குடையின் நுனி தெரிந்தது. உரல் வாயை இடது உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, பலமெல்லாம் கூட்டி இடித்தாள். மூன்று குத்து, சுவரோரம் ஒரு தேய்ப்பு, விளிம்பில் ஒரு தட்டு. அதுதான் அவள் கைவழக்கம். கீழே கோழிகள் கேறின. அந்த அம்மாள் பக்கத்து வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்த கேசோனிடம், "இந்த வீட்ல அடுப்பே எரியாதா?" என்று கேட்டது மேலே நன்றாகக் கேட்டது. "அடுப்பு எரியும், உரல்தான் எரியாது" என்றாள் கேசோன். குடை போய்விட்டது. பியாம் குழவியை மூலையில் வீசினாள். விழுது பாதியில் நின்றது. அன்று அவர்கள் வீட்டில் வெறும் சோறும் உப்பு மீனும்தான். முந்தின நாள் அடித்த புயலில் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது, அதற்கடியில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். மாப்பிள்ளை போனதற்காக அல்ல. அவன் மூக்கு எப்படி இருக்கும் என்றுகூட அவளுக்குத் தெரியாது. தான் இடித்ததை இடித்ததாக ஒரு ஜென்மமாவது நம்ப வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய ஆசை ஒன்றும் இருந்தது, அதை யாரிடமும் சொன்னதில்லை. தன் உரல் எப்படிப் பேசும் என்று தானே ஒரு தடவை கேட்க வேண்டும்.

இதில் ஹெங்குக்கும் அடி விழுந்தது. உரல் வாங்க வருகிறவர்கள் குழவியால் விளிம்பைத் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். விரிசல் இருந்தால் சத்தம் மந்தமாக வரும். ஹெங் வீட்டுக் கல்லுக்கே உயிர் இல்லையாம், மகள் கையில் செத்துப்போகிறதாம் என்று பேச்சு பரவியதும் வண்டிக்காரர்கள் அடுத்த பட்டறைக்கு நகர்ந்தார்கள். விற்காத உரல்கள் முற்றத்தில் வரிசையாக மழைநீர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஹெங் மகளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அது பியாமுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

இதெல்லாம் கரையில் நடந்தது. கடலில் நடந்ததைக் கரையில் யாருக்கும் சொல்ல வேண்டும் என்று மீனவர்களுக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் அவர்களுக்கு அது பழகிப்போன விஷயம். சிப்பி வளர்க்கும் மூங்கில் கழிகளைத் தாண்டி, தண்ணீர் பச்சையிலிருந்து நீலமாக மாறும் இடத்தில், தினமும் வெயில் சாய்ந்த பிறகு உரல் சத்தம் கேட்கும். படகின் அடிப்பலகைக்குக் கீழேயிருந்து வரும். டொக், டொக், டொக், சர்ர், டிங். முதலில் சரசரவென்று மிளகாய், பிறகு கனத்த அடியாக எலுமிச்சைப்புல், பிறகு வெங்காயமும் பூண்டும் விழுந்ததும் சொத்சொத்தென்று ஈரம், கடைசியில் இறால் விழுது சேர்ந்ததும் மொத்தென்று ஒரு அடக்கம். கேட்கிறவர்களுக்கு வயிறு கிள்ளும். "இன்னைக்குப் பச்சை மிளகாடா, மணமே வருது" என்பான் ஒருவன். சத்தம் முடிந்தால் வலையைச் சுருட்டுவார்கள். யார் இடிக்கிறார்கள் என்று கேட்டால், யாரோ இடிக்கிறார்கள் என்பார்கள். கணவாய் மீனும் அந்த நேரத்தில்தான் மேலே வந்தது. அந்தப் பருவத்தில் கணவாய் மலிந்ததற்கு அதுவே காரணம் என்று படகுக்குப் படகு ஒத்துக்கொண்டார்கள்.

சீசாங் தீவைச் சேர்ந்த தோங்யூ மட்டும் அப்படி விட்டுவிடவில்லை. கணவாய் பிடிக்கிறவன், வாய் அதிகம் பேசாதவன், அம்மா லாமுனோடு தனியாக இருந்தான். சத்தம் கேட்கத் தொடங்கியதும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, பலகையில் காதை வைத்துப் படுத்துக்கொள்வான். நாள் போகப்போக அந்தக் கை அவனுக்குத் தெரிந்துவிட்டது: எப்போது களைக்கும், எப்போது சந்தோஷமாக இருக்கும், எப்போது கோபத்தில் தேய்க்கும் எல்லாம். ஒருநாள் சத்தம் பாதியில் நின்றதும் இருட்டும்வரை பலகையிலிருந்து காதை எடுக்காமல் கிடந்தான். அதன்பிறகு மீன் விற்கக் கரைக்கு வந்தால் வீடு வீடாக அடியில் போய் நின்று கேட்க ஆரம்பித்தான். பாங் பிராவில் கேட்டான், சீராச்சாவில் கேட்டான், ஆங் சிலாவிலும் எல்லாத் தெருவிலும் கேட்டான். நல்ல நல்ல கைகள் இருந்தன. மூன்று குத்து, ஒரு தேய்ப்பு, ஒரு தட்டு மட்டும் எங்கேயும் இல்லை. ஹெங் வீட்டைக் கடந்தபோது அங்கே நிற்கவே இல்லை, அங்கேதான் சத்தமே இல்லையே.

மழைக்காலம் முடிந்து பிக்குகளுக்கு ஆடை கொடுக்கும் திருவிழா வந்தது. விகாரை மண்டபத்தில் ஊர்ப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மறுநாள் விருந்துக்கு விழுது இடித்தார்கள். மண்டபமே அதிர்ந்தது. பியாமைக் கேசோன் தேங்காய் துருவ உட்காரவைத்தாள். முயல் வடிவில் செய்த துருவுமணையில் ஏறி உட்கார்ந்து அவள் மலையாகத் துருவிக் குவித்தாள். பிற்பகலில் ஒரு பெண்ணுக்கு மிளகாய் கண்ணில் தெறித்துவிட்டது. அவள் அலறிக்கொண்டு குளத்துக்கு ஓட, உரல் ஒன்று சும்மா கிடந்தது. பியாம் துருவுமணையை விட்டு எழுந்து போய் அதற்கு முன்னால் உட்கார்ந்தாள். "நீ எதுக்குடி அங்க?" என்றாள் கேசோன். "இடிக்கிறதுக்கு, பெரியம்மா." "இடிக்கிறதா? உரலைத் தடவிக்கொடுக்குறதுன்னு சொல்லு!" மண்டபம் சிரித்தது. பியாம் தலை நிமிரவில்லை. கூடை மிளகாய் முழுவதையும் அவளே எடுத்துக்கொண்டு இடித்துக்கொண்டே இருந்தாள், சாயும் வெயில் தூண்களின் அடியிலிருந்து ஏறி உச்சிக்குப் போகும்வரை.

அந்த நேரத்தில் தோங்யூ விருந்துக்குக் காணிக்கையாக ஒரு கூடை கணவாயோடு தீவிலிருந்து வந்துகொண்டிருந்தான். நடுக்கடலில் உரல் சத்தம் பிடித்துக்கொண்டது. வழக்கமான சின்னச் சமையல் இல்லை, நிற்காமல் போகிற இடி. ஊருக்கே இடிக்கிற மாதிரி. கரை ஏறியதும் சத்தம் அறுந்துபோனது, வழக்கம்போல. மண்டபத்துப் படியில் கால் வைத்தான். முப்பது நாற்பது உரல்கள் காதைப் பிளந்தன. அவன் காதை விட்டுவிட்டுக் கண்ணால் பார்த்தான், ஏன் என்று அவனுக்கே தெரியாது. மூலையில் ஒரு கை. மூன்று குத்து, சுவரோரம் ஒரு தேய்ப்பு, விளிம்பில் ஒரு தட்டு. அவன் அப்படியே நின்றுவிட்டான். கூடையிலிருந்து கணவாய்த் தண்ணீர் தரையில் ஒழுகியது. "யாருப்பா நீ, கழுவிவிட்ட தரையில மீன் தண்ணியை ஊத்துற!" என்று கேசோன் கத்தியது அவன் காதில் ஏறவில்லை.

நேராகப் பியாமிடம் போய்க் குந்தினான். "நீங்கதானா அது?" என்றான்.

"எது?"

"தினமும் சாயங்காலம் இடிக்கிறது."

பியாமுக்குச் சுரீரென்றது. "ஏன், தீவுலயும் என்னை வச்சுச் சிரிக்கிறாங்களா? சத்தம் வரலைன்னு சொல்ல நீ வேற படகு கட்டிக்கிட்டு வந்தியா?"

"சத்தம் வருதுங்க" என்றான் தோங்யூ. கையால் கடலைக் காட்டினான். "அங்க வருது."

அவள் குழவியை ஓங்கிவிட்டாள். அவன் நகரவில்லை. பொய் சொல்லத் தெரியாதவன் மாதிரி, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனான். எந்த நாளில் மிளகு சேர்த்தாள், எந்த வாரம் முழுக்கக் கோபத்தில் இடித்தாள், எப்போது குழவி மாற்றினாள். பிறகு, "புயலடிச்ச மறுநாள் பாதியிலயே நிறுத்திட்டீங்க. பூண்டு விழவே இல்ல. நாங்க எல்லாரும் வலையைச் சுருட்டாம உக்காந்திருந்தோம். உங்களுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நினைச்சேன்" என்றான். பியாம் ஓங்கிய குழவியை உரலுக்குள் மெல்ல வைத்தாள். கூரை ஒழுக உட்கார்ந்து அழுத அன்று, யாருமே இல்லை என்று நினைத்த அந்த நேரத்தில், கடல் முழுக்க ஆட்கள் அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கையில் மிளகாய் இருந்ததை மறந்துவிட்டாள். அடுத்த கால்மணி நேரம் அவளைக் குளத்தங்கரையில் வைத்து எல்லோரும் கண் கழுவிவிட்டார்கள்.

நுவன் கதையைக் கேட்டுவிட்டு நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. கேசோன் மட்டும், "கடல்ல ஏதாவது பேய் சமைக்கும். அது நம்ம பொண்ணாயிடுமா?" என்றாள். பியாமுக்கு வேறு எதுவும் பொருட்டாக இல்லை. கேட்க வேண்டும், தன் காதால் கேட்க வேண்டும். இடிக்கிறவள் கரையில் இருக்க, சத்தம் கடலில் இருந்தால் எப்படிக் கேட்பது? தோங்யூ அதற்கும் வழி சொன்னான். அவள் இடிக்கும் நேரத்தையும் கடலில் கேட்கும் நேரத்தையும் ஒத்துப் பார்த்தால், நடுவில் ஒரு பானைச் சோறு வேகும் நேரம் இருக்கிறது. சத்தம் நடந்துதான் போகிறது. இடித்து முடித்த கையோடு படகில் ஏறினால் அதை முந்திக்கொண்டு போய்விடலாம். ஹெங் யோசித்துவிட்டு, கணக்கு சரியாகத்தான் இருக்கிறது என்றார். கல்யாணமாகாத பெண் ஒரு வாலிபனோடு படகில் போவதா என்ற கேள்வி வந்தபோது, துணைக்குத் தானே வருவதாகக் கேசோன் முன்வந்தாள். "பொய்யின்னு நிரூபிச்சுட்டு வரேன், அப்புறம் இந்தப் பேச்சே வேண்டாம்" என்றாள். நுவனும் சோற்றை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

முதல் தடவை கடலின் ஏற்ற இறக்கத்தைப் பார்க்க மறந்துவிட்டார்கள். கடற்கரை ஊரில் பிறந்தவர்கள் இதை மறந்தார்கள் என்றால் யார் நம்புவார்கள்? பியாம் கடைசித் தட்டைத் தட்டி, குழவியைப் போட்டுவிட்டு, கைகூடக் கழுவாமல் துறைக்கு ஓடினாள், படகில் ஏறினார்கள், கொஞ்ச தூரத்தில் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. தண்ணீர் உள்வாங்கிக்கொண்டே போனது. கேசோன் இறங்கித் தள்ளப் போய் தொடை வரை புதைந்தாள். தூரத்தில், கழிகளுக்கு அப்பால், சேற்றில் சறுக்கிப் போகும் பலகைகளில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று வேலையை நிறுத்தித் தலை சாய்த்து நின்றது தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவர்களில் ஒருவன் வாயில் கையைக் குவித்து, "முடிஞ்சு போச்சு! இறால் விழுதும் போட்டாச்சு!" என்று கத்தினான். பியாம் சேற்றில் நின்றுகொண்டே காலை உதைத்தாள். கேசோனின் செருப்பு அந்தச் சேற்றிலேயே தங்கிவிட்டது.

அடுத்த தடவை பௌர்ணமி நாளில் கடல் ஏறும் நேரம் பார்த்துப் போனார்கள். பியாம் இடித்தாள், ஓடினாள், ஏறினாள். தோங்யூ படகை விரட்டிய விரட்டில் நுவன் கண்ணை மூடிப் புத்தரைக் கூப்பிட்டாள். தண்ணீர் நீலமான இடத்தில் இயந்திரத்தை நிறுத்தினான். மற்ற படகுகளும் அங்கங்கே நின்றிருந்தன. அலை படகைத் தட்டியது. பிறகு பலகைக்கு அடியிலிருந்து மிளகாய் சரசரத்தது.

பியாம் மண்டியிட்டுக் காதைப் பலகையில் வைத்தாள். டொக், டொக், டொக், சர்ர், டிங். இது நான், என்று அவளுக்கு உடம்பெல்லாம் தெரிந்தது. குரல் எப்படி இருக்கும் என்று இருபது வருடம் தெரியாமல் இருந்துவிட்டு முதல்முறை தன் வாயால் பேசுவதைக் கேட்கிற மாதிரி இருந்தது. கல்லின் குரல் கனத்திருந்தது. நினைத்ததைவிட அழகாக இருந்தது. நுவன் மகளின் முதுகில் கையை வைத்தபடி அழுதுகொண்டிருந்தாள். பியாமும் அழப் போனாள். அதற்குள் சத்தம் ஈரமாகி, உடனே மொத்தென்று அடங்கியது. அவள் நெற்றி சுருங்கியது. தலையைத் தூக்கினாள்.

"அய்யய்யோ, பூண்டு இன்னும் மசியலையே!" என்றாள்.

"அதான் நானும் நினைச்சேன்" என்றாள் கேசோன், காதைப் பலகையிலிருந்து எடுக்காமலே. "ஓடணும்ங்கிற அவசரத்துல இறால் விழுதை முன்னாலயே போட்டுட்ட. எலுமிச்சைப்புல்லை நல்லா இடிச்சிருக்க, அதுல குறை சொல்ல மாட்டேன். பூண்டைத்தான் கோட்டை விட்டுட்ட." சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது கேசோனுக்கு உறைத்தது. எல்லோரும் அவளையே பார்த்தார்கள். "என்ன பாக்குறீங்க? இடிச்சது இவதான். காது இல்லையா எனக்கு?" என்று சீறிவிட்டுக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கரைக்குத் திரும்பும் வழியெல்லாம் பியாமின் கையைப் பிடித்தபடி பூண்டை எப்படிச் சாய்த்து இடிக்க வேண்டும் என்று பாடம் நடத்தினாள். பியாம் அதைக் காதில் வாங்கவே இல்லை, சிரித்துக்கொண்டே வந்தாள்.

அதன்பிறகு எல்லாம் வழக்கப்படி நடந்தது. தோங்யூவின் அம்மா லாமுன் பெண் கேட்க வந்தபோது முறையை விட்டுக்கொடுக்கவில்லை. வீட்டுக்கு அடியில் நிற்பதற்குப் பதிலாகக் குடை பிடித்துக்கொண்டு கடல் நடுவில் படகில் உட்கார்ந்து கேட்டாள். "கை சீரா இருக்கு. உப்பை இன்னும் கொஞ்சம் முன்னால போடணும். மத்தபடி சரி" என்று சொல்லி வெற்றிலைத் தட்டை அனுப்பினாள். ஹெங்கின் முற்றத்தில் மழைநீர் பிடித்துக் கிடந்த உரல்களை மீனவர்களே வீட்டுக்கு ஒன்றாக எடுத்துப்போனார்கள். கல்யாணத்துக்கு மறுநாள் பியாம் சிப்பிப் பாறை உரலை மடியில் வைத்துக்கொண்டு தீவுக்குப் போனாள். அன்று சாயங்காலம் முதல் நடுக்கடலில் சத்தம் நின்றுபோனது. மற்ற மீனவர்கள் தோங்யூவோடு கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. "உனக்குப் பொண்டாட்டி கிடைச்சா, எங்களுக்கு வலை சுருட்டுற மணி போச்சு" என்றான் ஒருவன்.

தீவில் பியாம் இடித்தபோதும் சத்தம் வரவில்லை. லாமுன் அதைப் பொருட்படுத்தவில்லை, எங்கேயோ கேட்கும் என்றாள். கேட்டது. ஆங் சிலாவில் நுவன் சமையலறையில், தூணுக்கு நேர் மேலே உரல் வைத்து வைத்துத் தேய்ந்த பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மகள் இல்லாத வீட்டில் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு பானைச் சோறு வெந்து இறங்கும் நேரம் கழிந்ததும் அந்த வெறும் பலகையிலிருந்து டொக், டொக், டொக், சர்ர், டிங் என்று எழுந்தது. முற்றத்தில் ஹெங் உளியை நிறுத்தினார். நுவன் எழுந்துபோய்ப் பழைய துணி ஒன்றை நான்காக மடித்து அந்த இடத்தில் போட்டாள், தரைக்கு அடி படாமல் இருக்கட்டும் என்று. அன்றிலிருந்து தினமும் மகளின் சமையல் என்ன, மனநிலை என்ன என்று வீட்டில் இருந்தபடியே அவளுக்குத் தெரிந்தது. சத்தம் வேகமாக வந்தால், "மாமியாரோட ஏதோ உரசல்" என்பாள். மறுநாள் சீராக வந்தால் அவளும் நிம்மதியாகச் சாப்பிடுவாள்.

இரண்டாவது வருடம் சத்தம் திடீரென்று நின்றது. ஒருநாள் பார்த்தாள், மறுநாள் பார்த்தாள். மடித்த துணிக்கு முன்னால் குந்தியே கிடந்தாள். பிறகு அந்தப் பலகையிலிருந்து வேறு எதுவோ கேட்டது. இடி இல்லை, உரலின் விளிம்பில் குழவியால் சோம்பலாகத் தட்டுவது மட்டும், வேலை செய்ய விடாமல் உட்காரவைக்கப்பட்ட ஒருத்தி பொழுது போகாமல் தட்டுகிற மாதிரி. நுவன் கொஞ்ச நேரம் கேட்டாள். முகம் மலர்ந்தது. பெட்டியைத் திறந்து பழைய மெல்லிய துணிகளை எடுத்துக் குழந்தைத் துணி தைக்க உட்கார்ந்தாள். தீவிலிருந்து தோங்யூ விஷயத்தைச் சொல்ல ஓடிவந்தபோது, அவள் தைத்து மடித்து வைத்த மூட்டையை அவன் கையில் கொடுத்துவிட்டு, "லாமுன்கிட்ட சொல்லுப்பா, கொஞ்சமாவது இடிக்க விடச் சொல்லு. சும்மா உக்கார வச்சா எம்பொண்ணுக்குக் கிறுக்குப் பிடிச்சிடும்" என்றாள்.

குழந்தை பிறந்து பியாம் மறுபடி உரலுக்கு முன்னால் உட்கார்ந்தபோது கை புதுப்பலத்தோடு இருந்தது. ஆண்டுகள் ஓடின. அடுத்தடுத்து இன்னும் குழந்தைகள், பெரிய குடும்பம், பெரிய சமையல். ஒருநாள் மீன் விற்கப் போன தோங்யூ ஆங் சிலாவிலிருந்து ஒரு சேதி கொண்டுவந்தான். சொல்லத் தயங்கினான். கேசோன் துறைக்கே வந்து, ஊர் பார்க்க அவனைச் சத்தம் போட்டாளாம். நுவன் வீட்டிலிருந்து வருகிற இடியில் பிற்பகலில் ஒரு கண் தூங்க முடியவில்லையாம், வயசான காலத்தில் இது என்ன அநியாயமாம்.

"நிஜமாவே அப்படியா சொன்னாங்க?" என்றாள் பியாம்.

"'உன் பொண்டாட்டியைக் கொஞ்சம் மெதுவா இடிக்கச் சொல்லு, காது கிழியுது'ன்னாங்க. அப்படியே சொன்னாங்க."

பியாம் அதை அவனை இன்னொரு தடவை சொல்லவைத்தாள். பிறகு மாமியாரைக் கூப்பிட்டு அவள் முன்னாலும் சொல்லவைத்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. இந்த முறை புறங்கையால் துடைத்துக்கொண்டாள். மறுநாள் பிற்பகல் சிப்பிப் பாறை உரலை இழுத்துப் போட்டு, இருப்பதிலேயே கெட்டியான அரத்தையாகப் பார்த்து எடுத்து, முழுப் பலத்தோடு இடிக்கத் தொடங்கினாள். அறையில் ஒரு சத்தமும் இல்லை. பக்கத்தில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு பானைச் சோறு வேகும் நேரம் கழித்து ஆங் சிலாவில் கேசோன் திட்டிக்கொண்டே பாயைச் சுருட்டினாள். எழுந்ததுதான் எழுந்தோம் என்று கொஞ்சம் நின்று கேட்டாள். "பூண்டு இப்போ நல்லா மசியுது" என்று வேலிக்கு அப்பால் இருந்த நுவனிடம் சொல்லிவிட்டு, உலை வைக்கப் போனாள்.